மஞ்சள் சாக்பீஸில் ஒரு இடது கை டிக்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது எங்கள் வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். சொன்னவள் என் மனைவி. சொல்லி முடித்ததும் ஈரக் கையை என் சட்டையிலேயே துடைத்துவிட்டு, "இத எழுதித் தொலைச்சுடாத" என்றாள். தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். என் தலையில்தான். அவள் தலையில் கை வைக்கும் அளவுக்கு எனக்கு என்மேல் நம்பிக்கை கிடையாது.

அவள் ஆடிட்டர். கம்பெனிகளின் ஆண்டுக் கணக்கைச் சரிபார்த்து, "ஆமாம், இது உண்மை" என்று கையெழுத்துப் போடுவது அவள் தொழில். நான் வீட்டிலிருந்து கதை எழுதுகிறவன். அதாவது துணி மடிக்கிறவன். இன்று காலை பதினொரு மணிக்கு ஒரு கம்பெனியின் கணக்கில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கணக்கு பொய் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது, மன்னிக்கவும்.

மணி ஒன்பது இருபது. லிஃப்ட் வரை போய் அவளை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் அவள் என்னிடம்

[இதை அப்புறம் எழுதுகிறேன்.]

எனக்குப் பயமாக இருக்கிறது. பயந்தால் ஒருவன் கதவைத் தாழ் போட்டுக்கொள்வான். இன்னொருவன் சாமி கும்பிடுவான். நான் கதை எழுதுவேன். ஒரு பயனும் இல்லாத பழக்கம்தான், ஆனால் நேரம் போவது தெரியாது.

2

முதல் தொடக்கம்: "குடோனின் இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தபோது, அவள் முதுகுத்தண்டில்

[அடித்தாயிற்று. குடோனுக்குக் கதவு கிடையாது, ஷட்டர். அது கடகடவென்று மேலே போகும். இந்தக் கிறீச்சிடும் கதவை எழுதுகிறவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் இரவல் வாங்கிக்கொண்டே இருக்கிறோம்.]

இரண்டாம் தொடக்கம்: "அவர் ஒரு ஆடிட்டர். வயது ஐம்பத்தைந்து. மீசையை முறுக்கிவிட்டபடி

[மனைவியை மறைக்க அவளை ஆணாக்கிப் பார்த்தேன். மீசை முளைத்த அடுத்த வரியிலேயே அந்த ஆள் சட்டையைக் கழற்றாத குறையாகச் சண்டைக்குப் போய்விட்டார். என் மனைவி சண்டை போடவில்லை. எழுதும்போது அவள் கண்ணை நினைத்திருந்தால் இந்த மீசையை வைத்திருக்க மாட்டேன்.]

மூன்றாவது இது. ஒரு பசைக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். பசை இல்லை, ஆனால் பசையைப் போலவே நீல டிரம்மில் அடைத்து விற்கும் ஒன்று. நீல டிரம்மும் இல்லை. பார்த்தீர்களா, நானும் சரக்கை இடம் மாற்றி வைக்க ஆரம்பித்துவிட்டேன். இதில் எது நிஜம், எது நான் மாற்றியது என்று தோண்டாதீர்கள். தோண்டக்கூடியவர்கள் வேறு இருக்கிறார்கள்.

3

ஒரு கம்பெனி பொய்க்கணக்கு எழுத வேண்டுமென்றால் ஆயிரம் வழி உண்டாம். அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. அதைப் புரியவைக்கச் சர்க்கரை டப்பாவை எடுத்து மேடைமேல் வைத்தாள்.

"மாசக் கடைசியில டப்பாவில பாதி சர்க்கரை இருக்கு. நீ என்கிட்ட 'ஃபுல்லா இருக்கு'ன்னு சொல்ற. நான் நம்பிட்டேன்னா என்ன நெனப்பேன்?"

"நாம சர்க்கரைய அதிகம் செலவே பண்ணலன்னு."

"அவ்ளோதான். செலவு கம்மி, அப்ப லாபம் ஜாஸ்தி. கம்பெனியும் அதத்தான் பண்ணும். வருஷக் கடைசியில குடோன்ல சரக்கு இருக்குன்னு சொல்லும். இல்லாத சரக்க எண்ண வெச்சுட்டா போதும், லாபம் தானா வந்து உக்காந்துக்கும்."

"எண்ணுறவங்க ஏமாறுவாங்களா?"

"ஏமாறணும்னுதான கூப்பிடறாங்க" என்று சிரித்தாள். அது நடப்பதற்கு முன்பு. அப்போதெல்லாம் தொழிலைப் பற்றிச் சிரித்துப் பேசுவாள்.

அவளுடைய கொள்கை ஒன்று உண்டு. கணக்கு கொஞ்சம் அழுக்காக இருந்தால் நிம்மதியாகத் தூங்குவாள். ஒரு பில் காணவில்லை, ஒருத்தன் கூட்டலில் தப்பு, ஒரு ரசீதில் டீக்கறை என்றால், "மனுஷங்க வேல பாத்துருக்காங்க" என்பாள். எல்லாம் பளிச்சென்று இருந்தால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. பசைக் கம்பெனியின் கணக்கு பளிச்சென்று இருந்தது.

*அடிக்குறிப்பு, அடியில் போட இடமில்லாததால் இங்கேயே: போன வருடம்வரை அந்தக் கம்பெனிக்கு வேறொரு ஆடிட்டர் இருந்தார். "உடல்நிலை காரணமாக" விலகினார் என்று கடிதம் சொன்னது. புது ஆடிட்டர் பழைய ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது முறை என்பதால் என் மனைவி போன் செய்தாள். அவர், "எனக்கு ஒடம்பு நல்லாத்தாம்மா இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். நாங்கள் அதை ஜோக்காக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சிரித்தோம்.

4

சரக்கு எண்ணும் நாள். கம்பெனிக்கு இரண்டு குடோன்கள், நடுவில் ஒரு மணி நேரப் பயணம். இரண்டையும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும், ஆளுக்கொரு குடோனில் நின்று. ஆனால் அவளுடைய அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் உரிமை உள்ளவர்கள் இரண்டே பேர். இவள் ஒன்று, "பெரியவர்" என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த பங்குதாரர் ஒன்று. பெரியவருக்கு அன்று முட்டிவலி. சரி, காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று இவளே ஒப்புக்கொண்டாள். இந்தக் கதையில் அவள் செய்த முதல் தப்பு இது. அவளே சொல்லச் சொன்னாள். எழுதவே கூடாதென்றவள் இதை மட்டும் "விட்டுடாத" என்றாள், கோபத்தோடு.

எண்ணும் முறை எளிது. ஒவ்வொரு டிரம்மாகச் சாவியால் தட்டுவாள். நிறைந்திருந்தால் மொத்தென்று கேட்கும், காலியென்றால் டங்கென்று கேட்கும். எண்ணியதும் டிரம்மின் தோள்பட்டையில் சாக்பீஸால் ஒரு டிக். டிக் இருந்தால் எண்ணியாயிற்று, அடுத்தது. ஒரு குடோனுக்கு ஒரு நிறம். அன்று காலைக்கு மஞ்சள், மதியத்துக்குச் சிவப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் இடது கைக்காரி. அவள் போடும் டிக் கண்ணாடியில் பார்க்கிற டிக் மாதிரி, நீளக் கோடு இடப்பக்கமாக ஏறும்.

[இந்தப் பத்தியை எடுத்துவிட வேண்டும். இதைப் படித்தால் அவளைத் தெரிந்த யாரும் அவள்தான் என்று சொல்லிவிடுவார்கள். எடுத்தும் பார்த்தேன். எடுத்தால் கதை நிற்கவில்லை, நொண்டுகிறது. அதனால் வைத்திருக்கிறேன். ஒரு கதை நிற்பதற்காக மனைவியைக் காட்டிக்கொடுக்கிறவன் எப்படிப்பட்டவன் என்று நீங்களே ஒரு பேர் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துவிட்டேன், அச்சில் வராது.]

காலையில் முதல் குடோனில் நானூற்றுப் பன்னிரண்டு டிரம், எல்லாம் நிறைந்தவை, எல்லாவற்றிலும் மஞ்சள் டிக். கூட வந்தவர் கம்பெனியின் நிதித் தலைவர். அவ்வளவு மெத்தென்று பேசுகிறவர். நாங்கள் வீட்டில் அவருக்கு வைத்த பெயர் பஞ்சு. பன்னிரண்டு மணிக்குப் பஞ்சு சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். நல்ல ஓட்டல், ஆனால் ஊருக்கு அந்தக் கோடியில். சாப்பாடு வரவே ஒரு மணி நேரம். அதற்கு மேல் ஐஸ்கிரீம். அதற்கு மேல் காபி. கிளம்பினால், டிரைவரைக் காணோம். இரண்டாவது குடோனின் ஷட்டர் ஏறும்போது மணி நாலு.

"மூணு லாரி சரக்கு ஏத்தி எறக்க எவ்ளோ நேரம் ஆகும்னு தெரியுமா?" என்று சமையலறையில் என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "நான் ரெண்டாவது ஐஸ்கிரீம் கேட்டு வாங்கிச் சாப்ட்டேன். அவ்ளோ நேரம் ஆகும்."

5

மூன்றாவது வரிசையில் நடந்தது இது.

முன்வரிசை டிரம்கள் ஈரமாக இருந்தன. கழுவியிருப்பார்கள் என்று நினைத்தாளாம். சிவப்பு சாக்பீஸால் டிக் போட்டுக்கொண்டே உள்ளே போனாள். பெரும்பாலானவர்கள் இரண்டாவது வரிசையோடு நிறுத்திவிட்டு மீதியைப் பெருக்கிக் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். இவள் சுவரைத் தொடாமல் திரும்ப மாட்டாள். மூன்றாவது வரிசையில் ஒரு டிரம்மின் தோளில் டிக் இருந்தது. டிக் இருந்தால் எண்ணியாயிற்று. அதை விட்டுவிட்டு அடுத்த டிரம்மைத் தட்டினாள். அதற்கடுத்ததையும் தட்டினாள்.

இருபது வருடத் தொழில் அப்படித்தான் செய்யவைக்கும். தன் டிக்கைப் பார்த்தால் தாண்டிப் போவாள். அதை நம்பாமல் யாருடைய டிக்கை நம்புவது?

"ரெண்டு டிரம் தள்ளிப் போனப்பறம்தான் ஒறச்சுது. இது மஞ்சள்."

திரும்பி வந்து குனிந்து பார்த்தாள். ஈரத்துணியால் அவசரமாகத் துடைத்ததில் பாதி போய், பாதி நின்றிருந்தது. நீளக் கோடு இடப்பக்கமாக ஏறியது. அவளுடைய கோடுதான். ஒரு மணி நேரத் தூரத்தில் காலையில் போட்டது. அவளையறியாமல் வலது கை விரலால் அதன்மேல் தடவினாள்.

"என்ன மேடம், நின்னுட்டீங்க?"

பஞ்சு இரண்டு வரிசைகளுக்கு நடுவில் இருந்த சந்தின் வாயில் நின்றார். வெளியே போக அந்தச் சந்து ஒன்றுதான்.

"ஒண்ணுமில்ல சார். எண்ணிக்க விட்டுப்போச்சு."

"அடடா. மொதல்லேர்ந்து எண்ணலாமே. நமக்கு என்ன அவசரம்?" கிட்டே வந்தார். சட்டைப்பையிலிருந்து மடிப்புக் கலையாத கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "கையத் தொடச்சுக்கோங்க மேடம். மஞ்சளா ஒட்டியிருக்கு பாருங்க."

அவள் வாங்கித் துடைத்துக்கொண்டாள். நன்றி சொன்னாள். கைக்குட்டையை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். மீதி டிரம்களை எண்ணி முடித்தாள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் எதுவும் இல்லை, மளிகைச் சிட்டை வாசிக்கிற மாதிரி வாசித்தாள். போட்டோ எடுக்கத் தோன்றவில்லை. கேள்வி கேட்கத் தோன்றவில்லை. ஷட்டர் இறங்குவதற்குள் வெளியே போய்விட வேண்டும் என்று மட்டும் தோன்றியதாம்.

[மணி ஒன்பது ஐம்பத்தைந்து. இந்நேரம் ஆபீஸ் போய்ச் சேர்ந்திருப்பாள்.]

6

நாலாம் நாள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே கடிதம் இல்லை. ஒரு டப்பா கலர் சாக்பீஸ். கலர் சாக்பீஸ் டப்பா என்றால் பல நிறம் இருக்கும். இதில் ஒரே நிறம், எல்லாமே மஞ்சள்.

எங்கள் விலாசத்தை அவள் எந்தக் கம்பெனிக்கும் கொடுப்பதில்லை.

எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. யாரோ பிள்ளைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து மகளிடம் கொடுத்துவிட்டேன். ஆறு வயது. பால்கனித் தரை முழுக்கச் சூரியனாக வரைந்து தள்ளினாள். அவள் அம்மா சாயங்காலம் வந்து பார்த்தாள். அப்படியே நின்றாள். பையைக் கூட இறக்கவில்லை. அன்றைக்குத்தான் சமையலறையில் எல்லாவற்றையும் சொன்னாள். நான் வாளியில் தண்ணீர் பிடித்து, ஈரத்துணி போட்டு, முட்டி போட்டு ஒவ்வொரு சூரியனாகத் துடைத்தேன். மகள் அழுதாள். "எதுக்குப்பா அழிக்கற? எதுக்குப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதிலிருந்து எங்கள் வீட்டு அழைப்பு மணி அடித்தால் நான் முதலில் மகள் எங்கே இருக்கிறாள் என்று பார்க்கிறேன், அப்புறம்தான் கதவைப் பார்க்கிறேன்.

பெரியவரிடம் சொல்லாமல் இல்லை. சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாராம்: "ஒரு சாக்பீஸ் கோட வெச்சுக்கிட்டு என்னம்மா எழுதறது? போட்டோ இருக்கா? சாட்சி இருக்கா? எனக்குக் கையெழுத்துப் போட தைரியம் இல்ல. போடாம இருக்கவும் தைரியம் இல்ல. நீதான எண்ணின, நீ முடிவு பண்ணு." முட்டிவலி எல்லா மூட்டுக்கும் பரவும் போலிருக்கிறது.

7

மாற்று முடிவுகள்.

(அ) அவள் கையெழுத்துப் போட மறுக்கிறாள். "எண்ணிய சரக்கையே மறுபடி எண்ணவைத்தார்கள்" என்று எழுதிக் கொடுக்கிறாள். பஞ்சு மெத்தென்று சிரித்து, ஃபைலை மூடி எடுத்துக்கொண்டு போகிறார். இங்கே கதை அழகாக முடியும். ஆனால் மதியம் மூன்றேகாலுக்கு மகளின் பள்ளிக்கூட வேன் வரும். வேன் வரும்வரை இந்த முடிவை நீட்டி எழுத என்னால் முடியவில்லை. வேன் கொஞ்சம் தாமதமானால்

[முடியாது.]

(ஆ) கையெழுத்துப் போடுகிறாள். யாரும் எங்களை ஒன்றும் செய்யவில்லை. இந்தக் கையெழுத்தைக் காட்டி அடுத்த வாரம் அந்தக் கம்பெனி ஊராரிடம் டெபாசிட் வாங்கப்போகிறது. எங்கள் கீழ்வீட்டு நர்ஸ் அக்கா, முப்பது வருடம் வார்டில் நின்று கால் வீங்கி ஓய்வுபெற்றவர், போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவியைப் படியில் நிறுத்திக் கேட்டார். "நீ பாக்கற கம்பெனி டெபாசிட் வாங்குதாமே. நீ கையெழுத்துப் போட்டுட்டன்னா நான் கண்ண மூடிட்டுப் பணத்தப் போட்டுருவேன். போடட்டுமா?" என் மனைவி, "கொஞ்சம் பொறுங்கக்கா" என்றாள். இரண்டு மூன்று வருடத்தில் காலி டிரம்கள் டங்கென்று கேட்கும். அன்றைக்கு நர்ஸ் அக்காவின் முகத்தை அதே படியில் தினமும் பார்க்க வேண்டும். வாய் திறந்து திட்டக்கூட மாட்டார். அவர் சுபாவம் அது.

(இ) போலீஸ் வருகிறது. ஜீப்பிலிருந்து

[எனக்கே சிரிப்பு வருகிறது.]

வாசகராக நீங்கள் (அ)வைத்தான் கேட்பீர்கள். நானும் வாசகனாக இருந்தால் அதைத்தான் கேட்பேன். கஷ்டம் என்னவென்றால், நான் இதில் ஒரு பாத்திரம்.

8

மணி பத்து நாற்பத்தொன்று. வாசலில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன் அவள் தொழிலில் ஒரு வழக்கம். ஒரு கம்பெனி, "இன்னார் எங்களுக்கு இவ்வளவு தர வேண்டும்" என்று கணக்குக் காட்டினால், அந்த இன்னாருக்கு ஆடிட்டர் கடிதம் எழுதிக் கேட்பார். கடிதத்தில் இரண்டு வகை. "எவ்வளவு தர வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள்" என்று கேட்பது ஒன்று. இன்னொன்று, "எங்கள் கணக்குப்படி இவ்வளவு. ஏற்கவில்லை என்றால் மட்டும் இன்ன தேதிக்குள் பதில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வோம்." இரண்டாவது வகை அவளுக்குப் பிடிக்காது. "மௌனம் சம்மதம்னு யார் சொன்னா? பாதிப் பேர் கடுதாசியப் பிரிச்சிருக்கவே மாட்டான். மீதிப் பேருக்குப் பயம்" என்பாள்.

காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். இரண்டு ராத்திரி தூங்காத முகம்.

"நான் கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள். "வேணாம்னா சொல்லு."

நான் அவளுடைய தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். நன்றாக மூடிய மூடி. மறுபடியும் திருகினேன். லிஃப்ட் எங்கள் மாடிக்கு வந்து நின்றது. அவள் உள்ளே போகவில்லை. கதவைக் கையால் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு வினாடி போதும். எனக்குப் பள்ளிக்கூட வேன் ஞாபகம் வந்தது.

"தண்ணி எடுத்துக்கோ" என்றேன்.

வாங்கிக்கொண்டாள். தலையை ஆட்டினாள். கதவு மூடிக்கொண்டது.

அவள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. வேண்டாம் என்று ஒருத்தர் சொன்னால் போதும், தான் நிமிர்ந்து நிற்கலாம் என்று கேட்டாள். நான் அதை அப்போதே புரிந்துகொண்டேன். புரியாத மாதிரி வந்து உட்கார்ந்து, ஒரு தொடக்கம், இரண்டு தொடக்கம், மீசை, பஞ்சு, சர்க்கரை டப்பா என்று ஒன்றரை மணி நேரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். போன் என் வலது கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பதினொரு மணிக் கூட்டம் தொடங்கிவிட்டால் அவள் போனை அணைத்துவிடுவாள். எழுதிக்கொண்டிருக்கும்வரை கூப்பிட முடியாது அல்லவா? அதற்காகத்தான் எழுதினேன்.

பத்து ஐம்பத்திரண்டு. எழுதினாலும் நேரம் போவது தெரிகிறது.

மதிப்பிற்குரிய வாசகருக்கு,

இந்தப் பக்கத்தின்படி, இன்று காலை பதினொரு மணிக்குள் நான் என் மனைவியைக் கூப்பிடவில்லை. இதை நீங்கள் ஏற்கவில்லை என்றால் மட்டும் பதில் எழுதவும். பதில் வராவிட்டால், என் இடத்தில் நீங்களும் இதையே செய்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்வேன்.

எட்டு நிமிடம் இருக்கிறது.